கல்லீரல் ரத்தக்குழாயில் காற்று: ஸ்கேன் அறிக்கையில் வரும் ஒரு வரியின் பொருள்

"அப்பத்தாவுக்கு ஈரல்ல கேஸ் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே டாக்டர், அது வாய்வுதானே? சரியாயிரும்ல?"

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பேரன் கேட்டது இது. கையில் நான் எழுதிக் கொடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கை. மதுரையில் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. 'கல்லீரலின் போர்ட்டல் சிரைகளில் காற்று தெரிகிறது' என்ற வரியை வருடத்துக்கு ஒரு சில தடவைதான் எழுத வேண்டி வரும். எழுதி முடிக்கும் முன்பே அறுவை சிகிச்சை மருத்துவருக்குப் போன் போட்டுவிடுவேன். ஆனால் அந்த வரி நோயாளியின் வீட்டாருக்கு எப்படிப் புரியும் என்பதை, அந்தப் பையன் கேட்கும் வரை நான் யோசித்ததில்லை.

நம் ஊரில் வாய்வு எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். நெஞ்சு அடைத்தால் வாய்வு, முதுகு பிடித்தால் வாய்வு, உருளைக்கிழங்கு சாப்பிட்டால் வாய்வு. பூண்டைச் சுட்டுத் தின்றால், ஓமத்தண்ணீர் குடித்தால், ஒரு சோடாவை உடைத்துக் குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடும். அந்தக் கணக்கில் ஈரலில் கேஸ் என்றால், கொஞ்சம் ஆழமாகப் போய்விட்ட வாய்வு என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றுவது ஆபத்து. இன்னொரு பக்கம், செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, இது வந்தால் முக்கால்வாசிப் பேர் பிழைப்பதில்லையாமே என்று நடுங்கிப்போய் வருகிறவர்களும் உண்டு. அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது.

முதலில் இந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. கணையத்துக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து, சுமார் 8 செ.மீ. நீளமுள்ள ஒரு தடித்த குழாயாகிக் கல்லீரலுக்குள் நுழைகிறது. அதுதான் போர்ட்டல் சிரை. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது. மற்ற சிரைகளெல்லாம் சின்னதில் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே இதயத்துக்குப் போகும். போர்ட்டல் சிரை அப்படிப் பெரிதாகி வந்த பிறகு, ஈரலுக்குள் மறுபடி கிளை கிளையாகப் பிரிந்து அதன் விளிம்பு வரை ஓடுகிறது.

மேலூர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பேரணையில் பிரிகிற பெரியாறு பிரதானக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கள்ளந்திரி தாண்டி, கிளைக் கால்வாய், வாய்க்கால், மடை என்று பிரிந்து பிரிந்து கடைமடை வயல் வரை தண்ணீர் போகிறது. தலைப்பில் ஒரு தக்கையைப் போட்டால் தண்ணீர் அதைக் கடைமடைப் பக்கம்தான் இழுத்துக்கொண்டு போகும். குடலிலிருந்து ஒரு காற்றுக் குமிழி ரத்தத்துக்குள் புகுந்தாலும் அதே கதைதான். ரத்த ஓட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போய் ஈரலின் ஓரத்தில் ஒதுக்கும்.

ஓரம் என்பது இங்கே முக்கியம். ஏனென்றால் ஈரலுக்குள் காற்று தெரிவதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: பித்தநாளத்தில் காற்று. பித்தநாளக் கல்லை எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்தவர்களுக்கும், அங்கே ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கும் பித்தநாளத்தின் வாய் திறந்திருக்கும். குடலிலிருந்து காற்று மேலேறும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பித்தம் ஓடும் திசை நேர் எதிர். வயலிலிருந்து வடிகால் வாய்க்காலுக்கு வடிவதுபோல ஈரலின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும். அதனால் பித்தநாளக் காற்று ஈரலின் நடுப்பகுதியிலேயே நின்றுவிடும். காற்று ஈரலின் மேலுறைக்கு 2 செ.மீ. நெருக்கத்தில் வரை போயிருந்தால், அது போர்ட்டல் சிரையில் இருக்கும் காற்று என்பது நாங்கள் படிக்கும்போதே மனப்பாடம் செய்கிற விதி.

சி.டி. படத்தில் தண்ணீரின் அடர்த்தி எண் 0, கொழுப்புக்குச் சுமார் -100, காற்றுக்கு -1000. அதனால் காற்று கன்னங்கரேலென்று தெரியும். இருந்தாலும் வயிற்றைப் பார்க்கிற வழக்கமான வெளிச்ச அளவில் கொழுப்பும் கருமையாகவே தெரிவதால், கொஞ்சமாக இருக்கும் காற்று கண்ணுக்குத் தப்பிவிடும். நுரையீரலைப் பார்க்கிற அளவுக்குத் திரையை மாற்றினால்தான் கொழுப்பு வேறு, காற்று வேறு என்று பிரியும். அன்று அந்த அப்பத்தாவின் படத்தை அப்படி மாற்றியதும், இலை உதிர்ந்த முருங்கைக் கிளையை ஈரலின் மேல் வைத்ததுபோல மெல்லிய கருங்கோடுகள் விளிம்பு வரை ஓடின. இடது மடலில்தான் அதிகம். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். இடது மடல் முன்பக்கம் இருப்பது. காற்று மேலே மிதப்பதால் அங்கே போய்ச் சேர்கிறது.

அல்ட்ராசவுண்டிலும் இதைப் பார்க்கலாம், கேட்கவும் செய்யலாம். போர்ட்டல் சிரைக்குள் வெள்ளைப் புள்ளிகள் ரத்தத்தோடு சேர்ந்து ஓடும். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளரைப் போட்டால், சீராக இரைந்துகொண்டிருக்கும் ஓட்டத்தின் நடுவே காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று சத்தம் வரும். ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது.

சரி, ரத்தக்குழாய்க்குள் காற்று எப்படிப் போகிறது? குடலுக்குள் எப்போதும் காற்று இருக்கிறது. அதையும் ரத்தத்தையும் பிரித்து வைத்திருப்பது குடலின் உட்சவ்வு. அந்தச் சவ்வு செத்தாலோ புண்ணாகிக் கிழிந்தாலோ காற்று சுவருக்குள் கசியும், அங்கிருந்து சிறு சிரைகளுக்குள் புகும். சவ்வு ஓரளவு நன்றாக இருந்தாலும், உள்ளே அழுத்தம் மிக அதிகமானால் காற்று பிதுங்கிப் போகும். அப்புறம், காற்றை உண்டாக்கும் கிருமிகள் குடல் சுவரிலோ, வயிற்றுக்குள் சீழ்க்கட்டியிலோ, சிரையிலேயேகூடவோ பெருகினாலும் குமிழிகள் வரும். பல நோயாளிகளிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே நடக்கிறது. எதுவானாலும், ஈரலில் தெரியும் காற்று ஒரு தடயம் மட்டுமே. கோளாறு நடந்த இடம் கீழே, குடலிலோ இரைப்பையிலோ இருக்கிறது. அதனால் காற்றைக் கண்டதும் நான் ஈரலை விட்டுவிட்டுக் குடலுக்குத்தான் இறங்குவேன்.

எல்லாரும் பயப்படுகிற காரணம், குடலுக்கு ரத்தம் நின்றுபோவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாய்வு என்ற சொல் உயிரைக் குடிப்பது இங்கேதான்.

பெருந்தமனியிலிருந்து கிளம்பும் ஒரே ஒரு கிளைதான் சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும் ரத்தம் கொடுக்கிறது. அது திடீரென்று அடைபட்டால் அத்தனைக்கும் பட்டினி. அடைப்பது பல சமயம் இதயத்திலிருந்து கிளம்பி வரும் ரத்தக்கட்டி. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள், வயதான பிறகு நாடி தாறுமாறாகத் துடிப்பவர்கள், மாரடைப்பு வந்து இதயம் பலவீனமானவர்கள் ஆகியோரின் இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வாய் கோணும், கை விழும், வீட்டில் எல்லாருக்கும் புரியும், வண்டி பிடித்து ஓடுவார்கள். அதே கட்டி குடலுக்குப் போனால் வயிற்று வலி மட்டும்தான்.

அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. நோயாளி துடிப்பார், புரண்டு புரண்டு படுப்பார். ஆனால் வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் பஞ்சுபோல மென்மையாக இருக்கும். வலிக்கும் தொட்டுப் பார்ப்பதற்கும் பொருத்தமே இருக்காது. பேதியோ வாந்தியோ கூட இருக்கலாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட வசதியான நோய் இது. இன்னொரு கொடுமை: சில மணி நேரம் கழித்து வலி குறைந்ததுபோல இருக்கும். சோடா கேட்டது, ஊசி கேட்டது என்று வீட்டில் நிம்மதியாவார்கள். குடல் மரத்துப்போவதால் குறைகிற வலி அது. ரத்தம் முழுதாக நின்றுவிட்டால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வயிறு கல்போல இறுகி, ரத்த அழுத்தம் விழும்போதுதான் பலர் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஈரலில் காற்று தெரிவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

அந்த அப்பத்தாவுக்கு 72 வயது. இதயத்துடிப்பு சீராக இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சில மாதங்களாக நிறுத்தியிருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வலி. ஓமத்தண்ணீர், சோடா, பக்கத்து ஊர்க் கிளினிக்கில் ஒரு ஊசி. விடியற்காலையில் கொஞ்சம் தூங்கியிருக்கிறார். மறுநாள் மதியத்துக்குமேல்தான் ஸ்கேனுக்கு வந்தார். ரத்தக்குழாய்கள் படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து, குடலுக்குப் போகும் அந்தத் தமனியின் தொடக்கத்திலிருந்து சில சென்டிமீட்டர் போய் அப்படியே நின்றிருந்தது. அதற்குக் கீழே குடல் சுவரே இரட்டைக்கோடாகப் பிரிந்து நடுவில் காற்று. அறுவை சிகிச்சையில் சிறுகுடலின் பெரும்பகுதி கறுத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் மறுபடி திறந்து பார்த்தார்கள். நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

இனி அந்த முக்கால்வாசிக் கணக்கு. போர்ட்டல் சிரையில் காற்று இருப்பதை முதலில் எழுதியவர்கள் உல்ஃப், எவன்ஸ் என்ற இருவர், 1955-ல். அவர்கள் பார்த்தது பச்சைக் குழந்தைகளை. பெரியவர்களிடம் 1960-ல் பதிவானது. அந்தக் காலத்தில் சாதாரண எக்ஸ்ரே மட்டும்தான். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் ஈரலில் ஏராளமாகக் காற்று நிறைந்திருக்க வேண்டும். அந்த அளவுக்குக் காற்று நிறைவதென்றால், குடல் ஏற்கெனவே அழுகியிருக்க வேண்டும். அதுவரை வெளிவந்த 64 நோயாளிகளின் விவரங்களை லீப்மனும் அவருடைய குழுவினரும் 1978-ல் தொகுத்தபோது, 72 சதவீதம் பேருக்குக் குடல் அழுகல், 75 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அந்த எண் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் இணையத்தில் சுற்றுவது அதுதான்.

சி.டி. ஸ்கேன் மனிதர்களிடம் முதன்முதலாக 1971-ல் பயன்பட்டது. அது ஊர் ஊருக்குப் பரவிய பிறகு, கண்ணுக்குத் தெரியாமலிருந்த சிறிய அளவுக் காற்றெல்லாம் தெரிய ஆரம்பித்தது. 2001-ல் கினோஷிதாவும் உடனிருந்தவர்களும் 182 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். குடல் அழுகல் இருந்தது 43 சதவீதம் பேருக்கு. மொத்த இறப்பு 39 சதவீதம். குடல் அழுகியவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அங்கே இறப்பு அதே 75 சதவீதத்தில்தான் நின்றது. காற்றின் சுபாவம் மாறிவிடவில்லை. முன்பு கண்ணில் படாத சாதுவான காரணங்களும் இப்போது கணக்கில் சேர்ந்திருக்கின்றன. ஆகவே அறிக்கையில் இந்த வரியைப் பார்த்ததும் பிழைப்பாரா என்று கேட்பதைவிட, குடல் செத்திருக்கிறதா என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

அந்தச் சாதுவான காரணங்களின் பட்டியல் நீளம். இரைப்பை அளவுக்கு மீறி உப்பிப்போவது, பெருங்குடல் எண்டோஸ்கோப்பியின்போது செலுத்திய காற்று, குடல் அழற்சி நோய்கள், நெஞ்சு அழுத்திச் செய்யும் முதலுதவி, விபத்தில் வயிற்றில் அடி. ஆழத்தில் மூழ்கி வேகமாக மேலேறி வந்தவர்களிடமும் பதிவாகியிருக்கிறது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அகார்போஸ், வோக்லிபோஸ் வகை மாத்திரைகள் மாவுச்சத்தைச் செரிக்கவிடாமல் தாமதப்படுத்துவதால், குடல் கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் காற்றை உண்டாக்கும். அதனாலும் அபூர்வமாகக் குடல் சுவரிலும் சிரையிலும் குமிழிகள் வருவதுண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். அபூர்வம் என்று அழுத்தித்தான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவவும் துணி வெளுக்கவும் பயன்படுகிற அதே திரவம். கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல் 1 மி.லி. வயிற்றுக்குள் போனால் சுமார் 10 மி.லி. ஆக்சிஜனை உண்டாக்கும். துணிகளை வெளுக்கும் வேலைக்கு வரும் கரைசல் இதைவிடப் பத்து மடங்குக்கும்மேல் அடர்த்தியானது. அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்து, தாகத்தில் யாராவது எடுத்து ஒரு மடக்குக் குடித்தால் போதும். நிமிடங்களில் ஈரல் முழுக்கக் குமிழிகள் நிறையும், மூளைக்கும் போகலாம். சாயப்பட்டறையோ சலவைப் பட்டறையோ வைத்திருப்பவர்கள் அந்தத் திரவத்தைக் குடிநீர் பாட்டிலில் வைக்கவே கூடாது.

பச்சைக் குழந்தைகளின் கதை வேறு. குறைமாதத்தில் பிறந்து, எடை குறைவாக இருக்கும் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் ஒன்று வரும். பால் செரிக்காமல் திரும்பும், வயிறு உப்பும், மலத்தில் ரத்தம் வரும். அந்த நோயின் கட்டங்களை 1978-ல் பெல் என்பவர் வகுத்தார். பின்னாளில் அதைத் திருத்தி விரிவாக்கியபோது, போர்ட்டல் சிரையில் காற்று தெரிவதை நடுக் கட்டத்தில் வைத்தார்கள். அதாவது, நோய் உறுதி, ஆனால் கை மீறிவிடவில்லை. பாலை நிறுத்தி, மருந்து கொடுத்து, மணிக்கு மணி கவனித்தால், கத்தி வைக்காமலேயே மீளும் குழந்தைகள் பலர். தாய்ப்பால் கிடைக்கும் குழந்தைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளை வைத்திருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

பெரியவர்களில் யாருக்கு உடனே வயிற்றைத் திறப்பது, யாரைக் காத்திருந்து பார்ப்பது? படம் மட்டும் அதை முடிவு செய்யாது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். நீண்டநாள் சர்க்கரை நோயாளி. விருந்துச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஓயாத வாந்தி. அவருடைய ஈரலில் இருந்த காற்று அப்பத்தாவுக்கு இருந்ததைவிட அதிகம். ஆனால் ஆள் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். வயிறு மேல்பக்கம் மட்டும் உப்பியிருந்தது, அமுக்கினால் வலியில்லை. ரத்த அழுத்தம் சரி, திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறுகிற லாக்டேட் என்ற பொருளின் அளவும் ரத்தத்தில் சரி. கான்ட்ராஸ்ட் மருந்து எல்லாத் தமனிகளிலும் போய், குடல் சுவர் முழுவதும் அழகாகப் பளிச்சிட்டது. பிரச்சினை இரைப்பையில். இடுப்பெலும்பு வரை தொங்குகிற அளவுக்கு உப்பிக் கிடந்தது. மூக்கு வழியாக ஒரு குழாயைப் போட்டு வடித்தார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்த படத்தில் ஈரலில் ஒரு குமிழிகூட இல்லை.

லாக்டேட் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஏறியிருந்தால் பயப்பட வேண்டும். ஏறாமலிருந்தால் நிம்மதியடைந்துவிட முடியாது, ஏனென்றால் குடலின் தமனி அடைபட்ட ஆரம்ப மணி நேரங்களில் அது சாதாரணமாகவே இருக்கக்கூடும். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்பதற்காகக் கான்ட்ராஸ்ட் போடாமல் வெறும் சி.டி. எடுத்து அனுப்புவதும் இங்கே தவறாகப் போகும். தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மருந்து ஓடியாக வேண்டும். சிறுநீரகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ள வழியுண்டு. செத்த குடலுக்கு வழியில்லை.

மேலூரிலிருந்து மதுரைக்கு 30 கி.மீ. அளவுதான். நான்கு வழிச் சாலை, 108 கூப்பிட்டால் வரும், பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அன்று நேரம் போனது சாலையில் இல்லை. வயதானவருக்கு, அதிலும் இதயக் கோளாறோ சீரற்ற நாடியோ உள்ளவருக்கு, திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்து அரைமணி ஒரு மணியில் அடங்காவிட்டால் கிளம்பிவிட வேண்டும். போகும்போது பழைய இ.சி.ஜி. தாள், சாப்பிடும் மாத்திரை, நிறுத்திய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவசரப் பிரிவில் இருப்பவரிடம் வயிற்று வலி என்பதோடு, இதய நோயாளி, மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அவர் யோசிக்கும் திசையையே மாற்றும்.

அப்புறம், வலி எப்போது தொடங்கியது என்பது. அறுவை சிகிச்சை மருத்துவர் போனில் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். நான் திரும்பிப் பேரனிடம் கேட்டேன். ராத்திரி என்றான். ராத்திரி எத்தனை மணிக்கு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"நான் சோடா வாங்கப் போனப்ப கடைய அடைச்சுக்கிட்டிருந்தாங்க டாக்டர். பாதி ஷட்டர் இறக்கிட்டாங்க. ஒம்பதரை இருக்கும்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மதியம் இரண்டேகால்.